மேடையை விட்டு இறங்காத வாத்துக்காரன்

ராஜா மாறிவிட்டார் என்பதை லியூதாங் ஊர்க்காரர்களான நாங்கள் தலையைத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். வடக்கே தலைநகரத்தில் மிங் வம்சத்துக் கடைசி ராஜா அரண்மனைக்குப் பின்னாலிருந்த குன்றில் ஏறி ஒரு மரத்தில் தொங்கிவிட்டார் என்றும், பெருஞ்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மஞ்சுக்கள் குதிரையேறி வந்து காலியாகக் கிடந்த சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றும் படகுக்காரர்கள் சொன்னபோது, சரி, அது வடக்கு, நமக்கு ஆற்றில் தண்ணீர் வருகிறது, வயலில் நெல் நிற்கிறது, போதும் என்று இருந்தோம். பக்கத்துக் கோட்டை எரிந்து, அந்தப் புகை எங்கள் கொடிகளில் காயப்போட்ட துணியைக் கருப்பாக்கியபோதும் துணியைத்தான் மறுபடி துவைத்தோம். பிறகு ஆணை வந்தது. ஆண்கள் எல்லாரும் உச்சிக் குடுமியை எடுத்துவிட்டு, முன்னந்தலையைச் சிரைத்து, பின்னால் மிச்சமிருப்பதை மஞ்சுக்களைப்போல் சடையாகப் பின்னிக்கொள்ள வேண்டும், கெடு தாண்டியும் குடுமியோடு பிடிபடுகிறவனுக்கு அந்த இடத்திலேயே தலை போகும், இரண்டாவது பேச்சு கிடையாது. ஆணையின் அடியில், படிக்கிறவனுக்கு மூச்சு வாங்கிய பிறகு வருகிற இடத்தில், இதுவும் இருந்தது: பெண்களுக்கு இது இல்லை, பிக்குகளுக்கு இல்லை, பிணங்களுக்கு இல்லை, மேடையில் நிற்கும் கூத்தாடிகளுக்கு, அவர்கள் அங்கே நிற்கும்வரை, இல்லை.

அப்பா அம்மா கொடுத்த முடி என்று பிறந்ததிலிருந்து கத்தி படாமல் வளர்த்த தலைகள் எங்களுடையவை. நாவிதர் மியாவ் ஒரு கம்பின் இந்த முனையில் பித்தளைத் தவலையும் அந்த முனையில் முக்காலியும் தொங்கவிட்டுக்கொண்டு தெருத் தெருவாக வந்தார், அவருக்குப் பின்னால் உருவிய வாளோடு ஒரு சிப்பாய் வந்தான். மியாவ் பேசுவது எப்படி இருக்கும் என்றால், நீங்கள் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும்: "அண்ணே, கொஞ்சம் குனிங்கண்ணே, நான் சொன்னா கழுத்து மட்டும் குனியும், பின்னாடி நிக்கிறவரு சொன்னா தலை தனியாக் குனியும்." எல்லாரும் குனிந்தார்கள். பாடம் நடத்தும்போது மேசையைத் தட்டித் தட்டி மானம், மானம் என்று சொல்கிற வாத்தியார் சூ எல்லாருக்கும் முன்னால் குனிந்தார், குனிந்துவிட்டு, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் எந்த ஆணும் இன்னொரு ஆணின் நெற்றியைப் பார்த்துப் பேசவில்லை.

ஊருக்குப் பொறுப்பாக வந்த படைத்தலைவர் பெயர் நிங். அவர் மஞ்சு இல்லை, எங்களைப் போல் சீனர்தான், லியாவோதுங் பக்கத்துக்காரர். அவர் பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கிற வயதில் இருந்தபோதே அந்தச் சீமையை மஞ்சுக்கள் பிடித்துவிட்டதால், அப்போதே சிரைத்து, அவர்கள் குதிரைகளுக்குப் புல் போட்டு, அவர்கள் பாஷை பேசி, அவர்கள் கொடிக்குக் கீழே வளர்ந்தவர். கத்திப் பேசவே மாட்டார். ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்வார், ஒரு சொல் கூடுதலாகவும் செய்யமாட்டார், ஒரு சொல் குறைவாகவும் செய்யமாட்டார், அதனால்தான் அவர் வருகிற தெருவை விட்டு நாங்கள் அடுத்த தெருவில் போனோம்.

அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வசந்தம் தொடங்கியபோது ஒரு கூத்துக் குழு வந்து கோயில் முற்றத்தில் மூங்கில் கட்டிப் பலகை அடித்தது. குழுவுக்குத் தலைவர் மேளக்காரர் ஹோ. எங்கள் பக்கத்துக் கூத்தில் பாடுகிறவன் நினைத்தபடி பாட முடியாது, மேளம் சொல்கிறபடிதான் அழலாம், நடக்கலாம், சாகலாம். போரில் பிரிந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் தேடுகிற கதையை ஆரம்பித்தார்கள். ஊரே வந்தது. கதைக்காக இல்லை, மேடையில் நிற்கிறவர்கள் அகலக் கை வைத்த பழைய அங்கி போட்டு, குடுமி முடிந்து, அதில் கொண்டை ஊசி செருகியிருந்ததைப் பார்ப்பதற்காக.

மேளக்காரருக்குத் தொண்டை வறண்டது என்று டீக்கடைக்காரர் கெண்டியோடு மேடையில் ஏறினார். பலகையில் இரண்டாவது காலையும் வைத்ததும் அவர் முன்னந்தலையில் முடி வந்தது. மழை பெய்த மறுநாள் புல் வருகிற மாதிரிகூட இல்லை, ஏற்கனவே அங்கே இருந்ததுபோல் வந்தது, மியாவ் கத்தி வைத்த அன்று எப்படி முடிந்திருந்தாரோ அதே முடிச்சோடு, அதே ஊசியோடு. டீயை ஊற்றிவிட்டு இறங்கினார், வழுக்கையாக இறங்கினார். "மேலே காத்து நல்லா இருக்குதுப்பா" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் மேடையில் இடமில்லை. ஹோ எல்லாரையும் சும்மா ஏறவிட மாட்டேன் என்றார், ஏறுகிறவன் கூத்தாடியாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆணை சொல்கிறபடி ஏறினவன் தலையும் போகும், தன் தலையும் போகும். அதனால் ஊர் ஆண்கள் முறை வைத்துக்கொண்டு ஓடுகிற படைவீரனாகவும், பிச்சைக்காரனாகவும், சந்தைக் கூட்டமாகவும், வசனமில்லாத மரமாகவும் நின்றார்கள். கல்யாணம் வைத்திருந்தவர்கள் மாப்பிள்ளையை மரமாக ஏற்றிப் பெண்ணைக் கீழே நிறுத்தி, குடுமி வைத்த மாப்பிள்ளையை வீட்டுக் கிழவிகளுக்குக் காட்டினார்கள். வாத்தியார் சூ தினமும் மூன்றாம் பிச்சைக்காரன். குடுமியைத் தடவிக்கொண்டே பிச்சை எடுப்பார், அழுவார், இறங்கி வந்து பள்ளிக்கூடத்தில் புது வம்சத்தின் ஆண்டுப் பெயரைப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவார். மேடை ஏன் அப்படி ஆயிற்று, அதன் பலகை எந்தக் காட்டு மரம், கோயிலில் இருக்கிற சாமிக்கு இதில் பங்கு உண்டா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குக் கிடைத்த கவலை, சந்தைக் கூட்டத்தில் இன்று யாருடைய முறை என்பதுதான். நிங் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஆணையில் இதற்கு எதிராக எதுவும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் கோ லியாங் வாத்துகளோடு திரும்பி வந்தான்.

கோ லியாங் வாத்துக்காரன். அறுப்பு முடிந்த வயல்களில் சிந்திக்கிடக்கிற நெல்லைப் பொறுக்கவிட்டுக்கொண்டே வாத்துகளை ஊர் ஊராக ஓட்டிப் போவான், தெற்கே ஏரிக்கரை வரைக்கும் போவான், நாணலுக்குள் குடிசை போட்டு, முட்டையை உப்பில் போட்டு, வாத்துகளைத் தவிர வேறு யாரிடமும் பேசாமல் இருந்து, பறவைகள் கொழுத்த பிறகு திரும்புவான். இந்தத் தடவையும் அப்படித்தான் திரும்பினான், உச்சியில் குடுமியும் தோளில் மூங்கில் கழியும் வாயில் "பா, பா, பா" என்ற கூப்பாடுமாக, ராஜா மாறினது தெரியாமல், ஊருக்குள் வருகிற கல்பாலத்தில் ஏறினான். ஊரில் முதலில் பார்த்தது மியாவைத்தான்.

"என்ன மியாவ், நெத்தியில என்ன அது, நீயே உன்னைச் செரைச்சுக்கிட்டியா? ஆளில்லாத நேரத்துல பழகிப் பாத்தியா?"

மியாவ் தவலையைக் கீழே வைத்துவிட்டு, உதட்டை அசைக்காமல் மூக்காலேயே சொன்னார்: "ஓடு. கெடு தாண்டிருச்சு. எதுக்குன்னு கேக்காத, ஓடு."

பாலத்தின் இந்த முனையில் நின்ற சிப்பாய்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் பாலம் நிறைய வாத்து. வாத்துக்குச் சட்டம் தெரியாது. காலுக்குள் புகுந்தன, சறுக்கவைத்தன, ஒரு சிப்பாய் எச்சத்தில் வழுக்கி ஆற்றிலேயே விழுந்தான். கோ லியாங் ஓடினான், கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓடினான், கூட்டம் கோயில் முற்றத்தில் இருந்தது, அவனுக்கு முன்னால் மேடை இருந்தது, ஏறிவிட்டான்.

அந்த நேரம் மேடையில் புருஷன் வேஷக்காரன் தொலைந்துபோன பெண்டாட்டியை எண்ணிப் பாடிக்கொண்டிருந்தான். அவன் வாத்துக்காரனைப் பார்த்தான், கீழே வாளோடு வருகிறவர்களைப் பார்த்தான், ஒரு அடி பின்வாங்கித் திரைக்குள் போய்விட்டான். ஹோ மேளத்தை விடாமல் சொன்னார், மேளக்காரர் குரல், தொண்டையில் சரளைக்கல் போட்டுக் குலுக்கினது மாதிரி: "துக்கத்தால் முகம் மாறிப்போன கணவன் வருகிறான்! பாடு."

கோ லியாங்குக்குப் பாடத் தெரியாது. வாயைத் திறந்தான். வந்தது அவனுக்குத் தெரிந்த ஒன்றுதான்.

"பா... பா... பா..."

தொலைந்த ஒன்றைக் கூப்பிடுகிற சத்தம் அது, மூஞ்சியில் தண்ணீர் வழிய அவன் அதைக் கூப்பிட்டான், முற்றத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அழுதோம். நிங் கையைத் தூக்கிச் சிப்பாய்களை நிறுத்தினார்.

"மேடையில் நிற்கிறான். கூத்தாடி" என்றார். "கூத்து முடியட்டும். இறங்கும்போது பார்த்துக்கொள்வோம்."

பிறகு வாத்துகளைச் சிப்பாய்கள் சாப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் எந்தக் கூத்தும் சேர்ந்த பிறகுதான் முடியும். பிரிந்த புருஷன் பெண்டாட்டி ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டும், பிடித்தவுடன் முடிவு மேளம் அடிக்க வேண்டும், அது அடித்த பிறகு ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. இதில் ஹோவுக்கு ஒரு வழி கிடைத்தது. சேரவில்லை என்றால் முடியாது. அதனால் கதையில் பெண்டாட்டி படகைத் தவறவிட்டாள், வெள்ளத்தில் போனாள், பிக்குணி மடத்தில் சேர்ந்தாள், மடம் இடிந்தது, கொள்ளைக்காரன் மகளாகத் தத்துப் போனாள், ஒரே கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் பெருமூச்சு விட்டுவிட்டுக் கதவைத் திறக்காமல் போனார்கள். குழுவில் முறை வைத்து ஆடினார்கள். கோ லியாங் தூங்கினால் அது கணவன் தூங்குகிற காட்சி, ஹோ மேளத்தின் ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார்.

ஆனால் கோ லியாங்குக்கு நிஜப் பெண்டாட்டி இருந்தாள். பெயர் சூயுன். சந்தையில் உப்பு முட்டை விற்கிறவள், அழுகின முட்டை என்று யாராவது சொன்னால் அவர்கள் வம்சத்தையே மோந்து பார்த்துச் சொல்கிற வாய். பெண்களுக்கு ஆணை இல்லை என்பதால் அவள் பழைய பாவாடையில், பழைய கொண்டையில் மேடையின் ஓரத்தில் வந்து நின்றாள். மேடைப் பலகை அவள் மார்பளவு உயரம். மேலே ஏறி அவன் கையைப் பிடித்தால் கூத்து முடிந்துவிடும் என்று ஹோ கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்ததால் ஏறவில்லை.

"இந்தாய்யா, அந்த முடியை வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற? விட்டுத் தொலையேன்."

"நான் எங்கேடி வச்சிருக்கேன், அது பாட்டுக்கு இருக்குது. எனக்கு யாரு சொன்னா? வாத்தா சொல்லும்?"

"எல்லாரும் செரைச்சாங்க. நீயும் செரைச்சுக்க."

"கீழ வந்தாத்தானே செரைக்க முடியும். கீழ வந்தா செரைக்கத் தலை வேணுமே."

அவன் சொன்னது சரிதான். ஆனால் ஊருக்கு அதற்குள் வேறொரு கோ லியாங் கிடைத்துவிட்டான். மேடைக்கு முன்னால் வந்து வயசானவர்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். ஊரில் கத்தி படாத ஒரே தலை என்று சொன்னார்கள். ஊதுவத்தி ஏற்றினார்கள். வாத்தியார் சூ அவனைப் பற்றிச் செய்யுள் எழுதி மூன்றாம் பிச்சைக்காரனாக ஏறி அவன் காதில் படித்தார், கோ லியாங் "நல்லா இருக்குதுங்க, சாப்பிட ஏதாவது இருக்குதா" என்று கேட்டான். ஊர் முழுக்கக் குனிந்த தலைகளுக்கெல்லாம் சேர்த்து அவன் ஒருவன் நிமிர்ந்து நிற்கிறான் என்று முடிவு செய்துவிட்டோம். அவனைக் கேட்கவில்லை.

சூயுன் சும்மா இருக்கவில்லை. கதையில் ஒரு நாவிதன் வருகிறான் என்று ஹோவிடம் சண்டை போட்டு, மியாவைக் கத்தியும் தவலையுமாக மேடைக்கு அனுப்பினாள். மேலேயே சிரைத்துவிட்டால் கீழே இறங்கும்போது வழுக்கையாக இறங்கலாம் என்பது அவள் கணக்கு. மியாவ் சிரைத்தார். கத்தி போன தடத்திலேயே, கத்தியின் பின்னாலேயே, முடி வந்தது. மறுபடி சிரைத்தார், மறுபடி வந்தது. காலையில் ஆரம்பித்து வெயில் சாய்கிறவரை சிரைத்தார், முடி மேடையில் முழங்கால் உயரம் குவிந்து, ஓரத்தில் வழிந்து விழுந்து, பொம்மை செய்கிறவர்கள் கூடை கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். "தங்கச்சி," என்றார் மியாவ், மூக்கு அடைத்துக்கொண்டது, "கையி மரத்துப்போச்சு. இந்த மேடைக்கு வழுக்கையே பிடிக்கல."

கீழே இருந்தவர்கள் சிலர் கை தட்டினார்கள். வாத்தியார் சூ முன்னால் வந்தார். "அம்மா, நீ செய்வது தகாது. அது உன் கணவன் தலை மட்டுமன்று, இந்த ஊரின் மானம்."

"வாத்தியாரய்யா," என்றாள் சூயுன், "உங்க மானத்தை உங்க தலையில வளத்துக்கிறதுதானே. தண்ணி வெதுவெதுப்பா இருக்கக் கூடாதான்னு மட்டும் அன்னிக்கு நீங்க கேட்டீங்கன்னு மியாவ் அண்ணன் சொன்னாரு."

அவர் சடையை முதுகுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து சந்தையில் அவளிடம் முட்டை வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். அவன் செத்தாலும் சாகட்டும், சிரைக்காமல் சாகட்டும் என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. முட்டை வாங்காமல் சொன்னார்கள்.

மழை வந்தது, பிறகு குளிர் வந்தது. நாலு பக்கமும் திறந்த மேடையில் கிடந்து கோ லியாங்குக்கு இருமல் பிடித்தது. "பா, பா" என்று கூப்பிட்டால் நடுவில் அறுந்து, மிச்சம் வருவதற்குள் ஹோ மேளத்தைத் தட்டி நிரப்பினார். ஹோவும் மெலிந்துவிட்டார், பெண்டாட்டியைத் தொலைக்க இனி அவருக்கு ஆறு கிடைக்கவில்லை, மடம் கிடைக்கவில்லை. சூயுன் நிங் நாற்காலிக்கு முன்னால் போய் மண்டியிட்டாள்.

"ஐயா, கடைசிப் படியில மியாவ் கத்தியோட நிக்கட்டும். அவரு காலு மண்ணுல படறதுக்கும் உங்க ஆளு வாளு வர்றதுக்கும் நடுவுல, ஒரு கோப்பை டீ குடிக்கிற நேரம் குடுங்க. செரைச்சுர்றோம். ராஜாவுக்கு ஒரு வழுக்கை கூடுதலாக் கிடைக்கும்."

"ஆணையில் டீ இல்லை" என்றார் நிங். கேலியாகச் சொல்லவில்லை, தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்கிறவர்போல் சொன்னார். பிறகு வெகுநேரம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமலுக்கு நடுவில் கோ லியாங் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மேலே ஏறுகிற எல்லாருக்கும் வருகிறதா?" என்றார்.

"எல்லாருக்கும் வருதுங்க."

"சிரைத்து எத்தனை வருஷம் ஆனாலும்?"

"எனக்கு அது தெரியாதுங்க. ஏறிப் பாருங்க."

நிங் வாளைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். படியேறினார். பலகையில் இரண்டாவது கால் பட்டது. பின்னால் தொங்கிய நீளச் சடை காணாமல் போயிற்று, அந்த அகலமான, வெயிலில் கருத்த, கன்னத்தில் வெட்டுத் தழும்பு இருந்த முகத்துக்கு மேலே, காதுக்கு மேல் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, ஆட்டுக்குட்டிக் கொம்புபோல் இரண்டு சின்னக் குடுமி நின்றது. எங்கள் நாட்டில் பால்பல் விழாத பிள்ளைகளுக்கு அப்படி முடிந்துவிடுவார்கள். சிரைத்த அன்று அவர் அந்த வயசு.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நிங் இரண்டு கையையும் தூக்கி இரண்டு குடுமியையும் தொட்டார், தொட்டு, இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவர் பேசியபோது இத்தனை நாள் நாங்கள் கேட்ட அதிகாரப் பேச்சு இல்லை, லியாவோதுங்குக்காரர்கள் வீட்டுக்குள் பேசுகிற, ஒவ்வொரு சொல்லின் வாலையும் சுருட்டி இழுக்கிற பேச்சு.

"இங்க புகையே இல்லையே" என்றார்.

ஹோ மேளத்தை மறந்துவிட்டார். சூயுன் மேடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, ஆனால் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று தெரிந்திருந்தது.

"தம்பி, இந்த அண்ணன் ரொம்ப இருமுறார் பாரு. கீழ கூட்டிட்டுப் போகட்டுமா?"

நிங் கோ லியாங்கைப் பார்த்தார். அவன் தலையைப் பார்த்தார். "கூட்டிட்டுப் போங்க."

"கீழ யாராவது ஏதாவது செஞ்சுட்டா?"

"செய்யமாட்டாங்க. நான் சொல்றேன். யாரும் இவரைத் தொடக் கூடாது." அதைத் திரும்பச் சொன்னார், முற்றத்தைப் பார்த்து, சிப்பாய்களைப் பார்த்து, குரலை உயர்த்திச் சொன்னார், நாங்கள் எல்லாரும் கேட்டோம், கோயில் கூரையில் இருந்த புறாக்கள் கேட்டன. "யாரும் தொடக் கூடாது."

அப்போது சூயுன் ஏறினாள். அவள் தலையில் எதுவும் மாறவில்லை, அவளுக்கு மாற எதுவும் இல்லை. கோ லியாங் கையைப் பிடித்தாள். அவன் அவள் கையை மோந்து பார்த்து "உப்பு" என்றான். மேளக்காரர் ஹோ, வாழ்நாளெல்லாம் அந்தக் கணத்துக்கு ஒரே அடிதான் அடித்துப் பழகிய ஹோ, யோசிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய முடிவு மேளத்தை அடித்தார். கூத்து முடிந்தது. முற்றமே எழுந்து நின்றது. நாங்களும் எழுந்து நின்றோம், அவனை மானம் என்று மேலேயே வைத்திருந்தவர்களும் எழுந்து நின்றார்கள், அவர்களுக்கும் அவன் பிழைத்தால் நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது.

நிங் முதலில் இறங்கினார். கடைசிப் படியிலிருந்து கால் மண்ணில் பட்டதும் இரண்டு குடுமியும் போயின, நெற்றி வெளுத்தது, பின்னால் சடை வந்து முதுகில் விழுந்தது. நாற்காலிக்கு நடந்துபோய் வாளை எடுத்து இடுப்பில் கட்டினார். அவருக்குப் பின்னால், ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு, சூயுனும் அவள் புருஷனும் இறங்கினார்கள். மியாவ் தவலையோடு ஓடிவந்தார்.

"நில்" என்றார் நிங்.

"ஐயா, நீங்க சொன்னீங்களே" என்றாள் சூயுன்.

"எங்கே சொன்னேன்?"

"மேல."

"மேலே இருக்கிற அங்கி பொய், குடுமி பொய், ராஜா பொய். பொய் என்பதால்தான் ஆணை அதை விட்டுவைத்திருக்கிறது. நான் மேலே சொன்னதும் அதில் ஒன்று." அவர் குரல் ஏறவில்லை. ஹோவின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கள். மேடையில் ராஜாவைத் திட்டுகிறவனை இறங்கினதும் நான் பிடித்தால் என்ன சொல்வீர்கள்?"

எத்தனையோ ஊரில், எத்தனையோ அதிகாரிகளிடம், அது வெறும் வசனம் எசமான் என்று சொல்லித் தன் ஆட்களைக் காப்பாற்றிய வாய் ஹோவுடையது. அவர் மேளக்குச்சிகளைக் கீழே வைத்தார். வேறெந்த ஊர்க்காரனும் ஏமாந்திருக்க மாட்டான். மேடையில் நடப்பது மேடையோடு சரி என்று சொல்லியே சோறு தின்ற கூத்தாடிகளும், தினமும் மரமாக நின்று இறங்கி வழுக்கையான நாங்களும்தான் நம்பினோம்.

கோ லியாங் சூயுனின் கையை விட்டுவிட்டு அவளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினான், பாவாடையில் படக் கூடாது என்பதுபோல். மியாவ் கத்தியோடு அவனை நோக்கி ஓடினார். சிப்பாய் அவரைவிடப் பக்கத்தில் இருந்தான்.

பிணங்களுக்கு ஆணை இல்லை. அதனால் சூயுன் அவனுக்குப் பழைய அங்கி போட்டாள், தைக்க வேண்டியதை மியாவ் தைத்தார், முடியைக் கழுவி, சீவி, உச்சியில் குடுமி முடிந்து ஊசி செருகினாள், சட்டம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊரே பின்னால் போனது. கூத்துக் குழு மூங்கிலைப் பிரிக்காமலே போய்விட்டது. முடிவு மேளம் அடித்த மேடையில் பிறகு யார் ஏறினாலும் ஒன்றும் வரவில்லை. வாத்தியார் சூ கொஞ்ச காலம் ஏறி நின்று பார்த்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார், ஆட்டுக்காரர்கள் அதன் அடியில் ஆடு கட்டினார்கள்.

பூ பூக்கிற காலத்தில், மியாவ் நெற்றிக்குக் கத்தி வைத்தபோது, நிங் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "அன்றைக்கு மேலே என் தலையில் கட்டியிருந்த நூல் என்ன நிறம்?"

"நூலுங்களா?"

"குடுமியில். பிள்ளைகளுக்கு வண்ண நூல் கட்டுவார்களே. எனக்கு என் தலை தெரியவில்லை. தொட்டபோது கைக்கு நூல்தான் தெரிந்தது, நிறம் தெரியவில்லை."

"நான் கவனிக்கலீங்களே" என்றார் மியாவ், மூக்கால்.

டீக்கடைக்காரரிடம் கேட்டார். வெயில் கண்ணில் அடித்தது என்றார். வாத்தியார் சூவிடம் கேட்டார், நாங்கள் பயந்தோம், ஏனென்றால் சூ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவர். சூ சடையை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, முதுமையில் தனக்குப் பார்வை மங்கிவிட்டது என்றார். சந்தையில் எந்தப் பொம்பளை யாரோடு பேசினாள் என்பதைப் பாவாடை நிறத்தோடு சொல்கிற மீன்காரியும் தெரியாது என்றாள். அந்த வருஷ நெல்வரியில் பாதியைத் தள்ளுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார், தண்டோரா போட்டார், அடிப்பேன் என்று சொல்லவில்லை, அதற்கு ஆணையில் இடமில்லை. நாங்கள் முழு வரியும் கட்டினோம்.

கடைசியில் சூயுன் கடைக்கு வந்தார். அவள் முட்டைக்குச் சேறும் உப்பும் பூசிக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"என் அம்மா கட்டிவிட்டது அது. அன்றைக்குக் காலையில் கட்டினாள். அவள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, குரல் ஞாபகம் இல்லை. இது ஒன்றைத்தான் கேட்கிறேன். நீ பக்கத்தில் நின்றாய். அண்ணாந்து பார்த்தாய்."

சூயுன் சேற்றுக் கையைத் துடைக்காமல் நிமிர்ந்து அவர் காதுக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், இப்போதும் அங்கே ஏதோ இருப்பதுபோல் நன்றாகப் பார்த்தாள்.

"முட்டை எத்தனை வேணுங்க?" என்றாள்.

அவர் ஒரு முட்டை வாங்கினார். அடுத்த அறுப்புக்கு முன்னால் அவரைத் தெற்கே வேறொரு போருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்பாலத்தில் குதிரையை நிறுத்தி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி, நாங்கள் கதவுகளில் நின்றோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பச்சை நூல். இரண்டு பக்கமும் பச்சை. இடது பக்கத்து முடிச்சு மட்டும் கொஞ்சம் தளர்ந்து, அவசரத்தில் கட்டியதுபோல் இருந்தது.